அலாரம் அவருக்கே அடிக்கட்டும்

இல்ல மேடம், கேன்டீன் வேண்டாம், இங்கனயே உக்காந்து சாப்பிடுங்க. அங்க போனா அம்புட்டுப் பேரும் உங்க வாயையே பாத்துக்கிட்டு இருப்பானுங்க, சோறு எறங்காது. இது பொம்பளையாளுக இருக்குற ரூமு. ஃபேன் மெதுவாச் சுத்தும், ஆனா சுத்தும். நானா? நான் இன்பம். நீங்க காலையில இருந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தீகளே, அந்தப் பெரிய காத்தாடி, அது இருக்குற பிளான்ட் ரூமைக் கூட்டுறது நான்தான். உங்க கால்மாட்டுலதான் கூட்டிக்கிட்டு இருந்தேன். பாத்திருக்க மாட்டீக. கூட்டுறவளை யாரு பாக்கா.

பேரு ரெனிட்டான்னு கேட்டுல சொன்னாக. வேதக்கார வீட்டுப் புள்ளையா? அதானே, சாப்பிட முன்ன கண்ணை மூடுனீகளே. அப்ப மேடம் கெடக்கட்டும், தாயின்னே சொல்லுதேன். படிச்சது எங்கன, நம்ம கிருஷ்ணன்கோவில் காலேஜா? பாரேன். கோயமுத்தூரு கம்பெனி ஆளுன்னாகளேன்னு நான் வேற பயந்துக்கிட்டு இருந்தேன், நம்ம பக்கத்துப் புள்ளதான். இந்தா, கருவாட்டுக் கொழம்பு செத்த ஊத்திக்கோ. பார்சல் சோத்துல என்ன ருசி இருக்கு.

சரி தாயி, ஒண்ணு கேக்கட்டுமா. காலையில மேனேஜர் ஐயா உங்கிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அலாரம் இனிமே எம்போனுக்கு வர வேண்டாம்மா, உங்க ஆபீசுக்கே வார மாதிரி மாத்தி விட்டுருங்க, நெசமாவே பழுதுன்னா மட்டும் என்னையக் கூப்பிடுங்கன்னு கெஞ்சுனாருல்ல. நீ சாயந்தரம் ரிப்போட்டுல அப்படி எழுதுனா முதலாளி ஒத்துக்கிடுவாராமே. எழுதப் போறியா?

எழுதாத தாயி.

என்னடா இது, கூட்டுற பொம்பள நமக்கு யோசனை சொல்ல வாராளேன்னு நெனக்காத. அந்தக் காத்தாடிதான மில்லுக்குள்ள ஈரக்காத்து அனுப்புது. அது நின்னா நூலு பட்டு பட்டுன்னு அறுந்துரும், மில்லே படுத்துரும். அப்பேர்ப்பட்ட மெசினுக்கு ஒண்ணுன்னா இங்க இருக்குற மனுசனுக்குத்தான மொதல்ல தெரியணும்? கோயமுத்தூர்ல உக்காந்திருக்குறவனுக்கு என்ன தெரியும். நம்ம மேனேஜர் சுந்தரபாண்டியன் ஐயா பொறுப்பானவரு. இப்ப ரொம்பப் பொறுப்பு.

ஆமா, அந்த டப்பி வந்த பொறவுதான். தீப்பெட்டி கணக்கா மோட்டாரு மேல காந்தத்துல ஒட்டி வச்சிருக்கீகளே, அது. மெசினு ஒடம்பு நடுங்குனா அதுக்குத் தெரிஞ்சிருமாம், இவரு போன்ல அலாரம் அடிக்குமாம். அடிச்ச ஒடனே இவரு எடுத்து அமுக்கணும். அமுக்காம விட்டா அது நேரா முதலாளி போனுக்குப் போயிரும். அமுக்குனா மட்டும் பத்தாது, நேர்ல வந்து நின்னு மெசினைப் பாத்து போட்டோ எடுத்து அனுப்பணும். முதலாளி போட்ட சட்டம். என்ன கோளாறுன்னு வெளங்கலைன்னா எக்ஸ்பர்ட்டு வேணும்னு ஒரு பொத்தான் இருக்காம்ல? அதை அமுக்கி அமுக்கி அவரு பெருவெரல்ல ரேகையே அழிஞ்சு போச்சுன்னு டிரைவர் பால்சாமி சொல்லுவான். மொதல்ல வந்த எக்ஸ்பர்ட்டு பேரிங்கு மேல சந்தேகப்பட்டான். பேரிங்கைக் கழட்டிப் பாத்தா அது புதுப் பொண்ணு மாதிரி மினுமினுன்னு இருக்கு. அடுத்து வந்தவன் டப்பியையே மாத்திட்டுப் போனான். புது டப்பியும் ஓன்னு அழுதுச்சு. இப்ப நீ வந்திருக்க.

அவரு பட்ட பாட்டைச் சொன்னா நீ சிரிப்ப. சிரிச்சுக்கோ, இங்க யாரும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை தலைக்கு மை போட உக்காந்திருக்காரு. ஒரு பக்கம் போட்டாச்சு, மறு பக்கம் போடலை. அலாரம். அப்படியே வந்து எறங்குனாரு பாரு, கழுத்துல துண்டு, காதோரமாக் கருப்பு வடியுது, இடது பக்கம் வாலிபன், வலது பக்கம் கெழவன். நூல் மெசினு ஓட்டுற புள்ளைக அம்புட்டும் தூணுக்குப் பின்னால போயி நின்னு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. இன்னொரு நா ஆண்டாள் தேரு. குடும்பத்தோட ஸ்ரீவில்லிபுத்தூர்ல வடம் பிடிக்கப் போயிருக்காரு. வடத்துல கைய வச்சாரோ இல்லையோ, சட்டைப்பை கத்துது. செருப்பைத் தேட நேரமில்ல, வெறுங்காலோட வந்து பிளான்ட் ரூம் தண்ணியில நின்னு போட்டோ எடுத்தாரு.

மக நிச்சயதார்த்தம் இன்னும் கூத்து. பந்தியில சம்பந்தி பக்கத்துல உக்காந்திருக்காரு. பாயசம் ஊத்தியாச்சு, அப்பளத்தை நொறுக்கப் போறாரு, கத்திருச்சு. எந்திரிச்சு வந்துட்டாரு. மாப்பிள்ள வீட்டம்மா கேட்டாகளாம், உங்க வீட்டுல யாரும் ஆஸ்பத்திரியில கெடக்காகளா, இப்படி ஓடுதாரேன்னு. மேனேஜர் வீட்டம்மா மூஞ்சியை எங்க கொண்டு வச்சிருக்கும், சொல்லு.

எனக்கு எப்படித் தெரியுமா? பால்சாமிதான். அவரு எங்க போறாரு, எத்தனை மணிக்கு எலையில உக்காருவாரு, எல்லாம் அவன் வாயில இருந்து தானா வந்துரும். ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும்.

இப்பல்லாம் போனைக் கீழ வைக்கிறதே இல்ல தாயி. கக்கூசுக்கும் கூடவே போகுது. இந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு வெளி ரூமுல படுங்கன்னு வீட்டம்மா தள்ளி விட்டுட்டாகளாம். முகம் உப்பிப் போச்சு. பிரஷர் மாத்திரை திங்காரு. டாக்டரு போனைத் தூர வைங்கன்னாராம், எங்கன வைக்க? அன்னைக்கு ஒருநா பிளான்ட் ரூம்ல ஒத்தையில நின்னுக்கிட்டு எங்கிட்டயே கேட்டாரு, ஏம்மா இன்பம், இந்த மெசினுக்கு என்னதாம்மா வேணும்னு. இத்தன வருசத்துல எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்னைக்குத்தான். எனக்கென்னய்யா தெரியும், எக்ஸ்பர்ட்டைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்.

என்ன அது, பைக்குள்ள இருந்து எடுக்க? கவருக்குள்ள என்னத்தைப் போட்டு வச்சிருக்க?

பஞ்சா. நல்லாருக்கு போ. பஞ்சு மில்லுல பஞ்சு கெடக்காம பவுனா கெடக்கும்?

டப்பிக்கு அடியில இருந்துச்சா. பறந்து போயி ஒட்டியிருக்கும்.

மத்த மெசினுகள்ல ஒட்டுன டப்பி எதுலயும் இல்லையா. எல்லாத்தையுமா கழட்டிப் பாத்த? ம். பறந்து ஒட்டுன பஞ்சு பொசுபொசுன்னு இருக்குமாம், இது வெரலால திரிச்சு அமுக்குன மாதிரி இருக்காம். முன்ன வந்த ரெண்டு பேரும் கம்ப்யூட்டரைத்தான் பாத்தானுங்க. நீ கையை விட்டுல்ல பாத்திருக்க. கெட்டிக்காரிதான்.

இரு, கதவைச் சாத்திட்டு வாரேன்.

நான்தான் தாயி. வேற யாரு. சின்னதாத் திரிச்சு காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவுல செருகிட்டா டப்பிக்குப் பிடிமானம் போயிரும். மெசினு அதுபாட்டுக்கு நல்லா ஓடும், டப்பி மட்டும் தானா நடுங்கி ஊரைக் கூட்டும். அவரு கார் சத்தம் கேட்டதும் தொடைக்கிற மாதிரிப் போயி எடுத்துருவேன். முன்ன வந்தவனுங்க காபி குடிச்சு, டிபன் தின்னு, மெல்ல வருவானுங்க, அதுக்குள்ள சுத்தமாயிரும். நீ என்னன்னா பஸ்ஸை விட்டு எறங்குன கையோட வந்து நிக்க, எனக்கு முந்தி.

இது நான் யோசிச்சுக் கண்டுபிடிச்சது இல்ல. ஒருநா தொடைக்கையில டப்பி கழண்டு வந்துருச்சு. பயந்து போயி பழையபடி வச்சேன், அடியில பஞ்சு இருந்தது கவனிக்கலை. செத்த நேரங்கழிச்சு மேனேஜர் வாரார் பாரு, சாப்பிட்ட கைய வேட்டியில தொடைச்சுக்கிட்டு, மூச்சு எரைக்க எரைக்க. நான் வெளக்கமாத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன். பொய் சொல்ல மாட்டேன் தாயி, வயிறு குளுந்து போச்சு.

அய்யய்யோ, மெசினுக்கு ஒரு கெடுதலும் பண்ணலை. அதுதான எனக்குக் கஞ்சி ஊத்துது. மனுசருக்கும் பண்ணலை. ஒரு தடவ மேனேஜரு, மெசினைப் பழுது பாக்குற பிட்டர் கிளாட்வின் ஒழுங்கா கிரீஸ் வைக்கலைன்னு அவன் தலையில போடப் பாத்தாரு. கிளாட்வின் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போனான் பாரு, அன்னைக்கு அடிக்க விட்டேன். அந்தானைக்கு வாய மூடிட்டாரு.

பாவமா? சபையிலயும் அதைத்தான் சொல்லுதாக, மன்னிக்கணும் மன்னிக்கணும்னு. மன்னிச்சாச்சு ஆண்டவரேன்னு முழங்கால் போட்டுச் சொல்லிட்டேன். பஞ்சு வைக்கிறது வேற.

உன் போன்தான் அடிக்குது. அவரா? அவராத்தான் இருக்கும், சாப்பாட்டு நேரம்ல. இன்னைக்கு வீட்டுல அயிரை மீன் கொழம்புன்னு பால்சாமி சொன்னான். காலையில நீ எடுத்ததுக்குப் பதிலா வேற ஒண்ணு திரிச்சு வச்சிட்டுத்தான் கையைக் கழுவிட்டு இங்க வந்தேன். இப்ப அலாரம் அவரு போன்ல அடிச்சிருக்கும். எக்ஸ்பர்ட்டு மில்லுக்குள்ளயேதான இருக்கா, அவளைப் போயிப் பாக்கச் சொல்லி முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாம எந்திரிக்க வேண்டாமேன்னு உனக்கு அடிக்காரு.

எடு தாயி. எடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன், அது உன் சோலி. எடுத்து, இந்தப் பொம்பளதான் செஞ்சான்னு சொன்னாலும் சொல்லு. வெளிய போகச் சொன்னாப் போயிருதேன். கூட்டுறதுக்கு ஊருல தரையா இல்ல.

நின்னுருச்சு. மறுக்கா அடிக்கும் பாரு.

நானும் இப்படித்தான் அடிச்சேன். எங்க வீட்டுக்காரரு தேவஇரக்கம் இங்க பஞ்சு கொடவுன்லதான் வேல பாத்தாரு. போன பங்குனியில ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு பஞ்சுப் பொதி மேல சாஞ்சுட்டாரு. வேர்த்து ஊத்துது. ஆம்புலன்ஸு வேற கேசுக்குப் போயிருந்துச்சு, வந்துருதோம்னாக, அவுகளைக் குத்தஞ் சொல்ல முடியாது. மில்லு காரு மரத்தடியில நிக்குது. பால்சாமி கையில சாவியோட நிக்கான். மேனேஜர் வாயால சொல்லாம காரு கேட்டைத் தாண்டக் கூடாது, தாண்டுனா வேல போச்சு. அவரு சொந்தக்காரக வண்டியில ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு விசேச வீட்டுக்குப் போயிருந்தாரு. பந்தியில இருந்திருக்காரு.

பால்சாமி அடிச்சான். எடுக்கலை. நான் அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டுக்காரரு எங்கையைப் பிடிச்சுக்கிட்டு, விடுட்டி, ஐயா சாப்பிட்டுக்கிட்டு இருப்பாருங்காரு. அதுதான் கடைசியாப் பேசுனது. பொறவு பால்சாமியே, வேல போனாப் போகட்டும்னு காரை எடுத்தான். செட்டியார்பட்டி தாண்டையில பிடிச்சிருந்த கை தொவண்டு போச்சு. கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா அப்படின்னு ராஜபாளையத்துல டாக்டரு ஆரம்பிச்சாரு, எம்மூஞ்சியைப் பாத்துட்டு நிப்பாட்டிட்டாரு.

அடக்கத்துக்கு மேனேஜரு மாலையோட வந்தாரு. போன் சைலன்ட்ல கெடந்துச்சும்மா, பாக்கலைம்மான்னாரு. நான் தலையாட்டிக்கிட்டேன்.

அந்தா, அடிக்குது. சொன்னேன்ல.

ஏந்தாயி, நீ படிச்சவ, சொல்லு. சைலன்ட்ல கெடக்குற போனுக்கு அடிச்சா மணி முழுசாப் போயித்தான நிக்கும்? எனக்கு அன்னைக்கு முழுசாப் போகவே இல்ல. அடிக்க ஆரம்பிக்கும், டொக்குன்னு நிக்கும். மறுக்கா அடிப்பேன், டொக்கு. எம்பேரைப் பாத்துப் பாத்து ஒரு வெரலு அமுக்குனாத்தான் அப்படி நிக்கும். கூட்டுறவ லீவு கேக்கத்தான் கூப்பிடுவான்னு நெனச்சிருப்பாரு. பாயசம் ஊத்துற நேரமா இருந்திருக்கும்.

செத்துப் போகணும்னெல்லாம் நான் நெனக்கல. அவரு எடுக்கணும், அம்புட்டுத்தான். வாயில சோறு இருந்தாலும் எடுக்கணும். எடுத்துட்டு ஓடி வரணும்.

என்ன, போனைக் கவுத்து வைக்க?

கட் பண்ணலையா. அதுபாட்டுக்கு முழுசா அடிக்கட்டுமா.

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு. மெசினை இன்னும் கொஞ்ச மாசம் பாக்கணும், அதுவரைக்கும் அலாரம் அவருக்கே வரட்டும்னு எழுதப் போறியா?

அழலை தாயி. கருவாட்டுக் கொழம்பு காரம். நீ சாப்பிடு. நின்னுருச்சு பாரு. இன்னேரம் எலைய விட்டு எந்திரிச்சிருப்பாரு.