ஹில்டாவின் தூக்குச்சட்டி

“அடுப்ப அணைக்கா, புள்ள பக்கத்துல—”

“நடுவுல அணைச்சா ஈயம் சட்டியோட ஒட்டிக்கினு—”

“ஒட்டிக்கட்டும். புள்ளைய மொதல்ல இப்டி குடு.”

“அவ எங்கிட்ட குந்திகினு கீறா. உனக்கு இன்னாடி பேஜாரு?”

“டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ? காதுல வாங்கினியா நீ?”

ஹில்டாவும் நானும் பேசின இதைச் சண்டை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான். ஹில்டா என் தம்பி சவரிநாதனின் பெண்டாட்டி. நல்ல பெண். அவளைப்போல மத்திக் குழம்பு வைக்க ராயபுரத்தில் ஆள் கிடையாது. அவளைப் பற்றி என் வாயில் ஒரு குறை வராது.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது தம்பி குழந்தையைக் கேட்டு மனு கொடுக்க. நீங்கள்தான் இந்தத் தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்து, இது எப்படி உன் வீட்டுக்கு வந்தது, இருதயம்மா என்கிறீர்கள். சரி, அதிலிருந்தே சொல்கிறேன்.

திருவொற்றியூர் தாண்டிக் கடலோரம் உங்கள் ஆட்கள் சுட்டுப் பழகுகிற மைதானம் இருக்கிறதே, அங்கே குறிப்பலகைக்குப் பின்னால் ஒரு மணல்மேடு. சுட்ட குண்டெல்லாம் அதற்குள்தான் புதைகிறது. அப்படியே விட்டால் ஈயம் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். அடுத்த குண்டு அதில் பட்டுச் சுட்டவன் பக்கமே திரும்பும். அதனால் மழை ஓய்ந்ததும் மேட்டை வெட்டி, மணலைச் சலித்து, ஈயத்தைப் பொறுக்கி, கிழிந்த மணல்சாக்குகளை மாற்றி, திரும்பக் கட்ட வேண்டும். தண்டையார்பேட்டை மஜீது பாயின் கான்ட்ராக்ட். சலிக்கிறது பெண்கள். ஹில்டாவும் நானும் சேர்ந்தே போவோம். தம்பிக்கு ஹார்பரில் ராத்திரி வேலை, பகலில் குழந்தை அவனிடம்.

பொறுக்கின ஈயத்தில் கொஞ்சத்தைப் பாய் என்னிடம் கொடுப்பார். மாலையில் வீட்டில் உருக்கி, மீன்வலைக்குக் கட்டுகிற குண்டு வார்ப்பேன். அப்போது தம்பி மகள் ஸ்டெல்லா வந்து என் மடியில் சாய்ந்துகொள்வாள். இரண்டு வயசு. பிறந்ததிலிருந்து என் மடிதான். உருகின ஈயத்தின் மேல் ஏட்டை ஒதுக்கினால் உள்ளே பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்து அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே. பல் முளைக்கிறபோது கடிக்க எதையாவது தேடினாள். சின்னதாக ஒரு மீன் வார்த்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினேன். எந்த அத்தை இதைச் செய்வாள்?

பிறகு குழந்தை வெளுத்துப் போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஈறில் நீலமாய் ஒரு கோடு. ஹில்டா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். ஈயத்தால் வந்தது, அந்த மீனைக் கழற்று, வீட்டில் உருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார்களாம். நான் போகவில்லை, அவள் வந்து சொன்னதுதான். பாயின் ஷெட்டில் அடுப்பு இருக்கிறது, அங்கே போய் உருக்கு என்றாள். பாயும் சரி என்றார். ஆனால் ஷெட்டுக்குப் பிள்ளையை எப்படித் தூக்கிப் போவது? அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

ஹில்டா பெட்டி கட்டினாள்.

“ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் மீஞ்சூர்ல எங்கம்மா வூட்டுக்குப் போறேன். புள்ளையும் என்கூட.”

“எத்தினி நாளைக்கு?” என்றான் தம்பி.

“அக்கா அடுப்ப வெளிய வெக்கிற வரைக்கும்.”

அவன் தலையாட்டினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவேன், உள்ளே வருவேன். சல்லடையை எடுப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். அடுப்பை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நிறுத்தினால் என்ன அர்த்தம்? பிள்ளைக்கு நான்தான் நோய் கொடுத்தேன் என்று ஆகிவிடாதா? அது உண்மையில்லையே.

மைதானத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாசல் கம்பத்தில் வரிசையாக ஆணி. உள்ளே போகிறவள் தன் தூக்குச்சட்டியை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது தன் கையால் எடுக்க வேண்டும். சட்டி தொங்கினால் ஆள் உள்ளே. மேட்டில் வெட்டின குழிக்குள் இறங்கினால் தலை தெரியாது, கடல்காற்றில் கத்தினாலும் கேட்காது. அதனால் மைதானக் காவலுக்கு இருக்கிற ஏட்டையா ஆணியைப் பார்த்த பிறகுதான் சுடுவதற்குச் சிவப்புக் கொடி ஏற்றுவார். அடுத்தவள் சட்டியை யாரும் தொட மாட்டோம். பெற்ற தாயானாலும் மகளுடையதைத் தொட மாட்டாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. மதியத்துக்கு மேல் ஒரு கூட்டம் சுட வருகிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்று ஏட்டையா சொல்லிவிட்டார். மற்றவர்கள் போய்விட்டார்கள். ஹில்டா குழிக்குள் குந்தி, தூசிக்காக மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ முன்னால போக்கா. இத்த முடிச்சிட்டு வந்துடறேன். நாளைலருந்து நான் இல்ல, எல்லாம் உன் தலைல வுழும்.”

எனக்காகத்தான் சொன்னாள். அதை நான் மறைக்கவில்லை.

கம்பத்தில் இரண்டு சட்டிதான் மிச்சம். இரண்டையும் எடுத்தேன். அவளுடையதைக் கூடைக்குள், சல்லடைக்கு அடியில் வைத்தேன். காலிச் சட்டி, கனமே இல்லை.

“எல்லாம் வந்தாச்சா, இருதயம்மா?” என்றார் ஏட்டையா.

“கம்பத்தப் பாத்துக்குங்கோ” என்றேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றபோது முதல் சத்தம் கேட்டது. அப்போதே திரும்பி ஓடியிருக்கலாம்தான். ஆனால் பஸ் வந்துவிட்டது.

சட்டியை மாட்ட மறந்து குண்டு பட்டுச் செத்தாள், விதி, என்று ஊரே பேசியது. நானும் அதையே சொன்னேன். ஏட்டையாவுக்கு வேலை போயிற்று, பாவம். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அதற்குப் பிறகு பிள்ளை முழுக்க என்னிடம். ஹில்டா கழற்றி வைத்திருந்த மீனைத் தேடி எடுத்துத் திரும்பக் கட்டினேன். அழுகையே நின்றுவிட்டது, ஐயா. வைத்த இடத்தில் இருப்பாள். கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டாள், அவ்வளவு சாது. போன வாரம் வலிப்பு வந்தது. அது அம்மா ஏக்கம்.

இந்தச் சட்டியைக் கடலில் போட்டிருக்கலாம். நல்ல பித்தளை, ஸ்டெல்லா பெரியவளானால் ஆகும் என்று பரணில் வைத்தேன். ஹில்டாவின் மாதப் பூசையன்று தம்பி மெழுகுவத்தி தேடிப் பரணில் கை விட்டான். சட்டி வந்தது. மூடியில் அவள் ஆணியால் கீறின சிலுவை. சனிக்கிழமை காலையில் அதில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தவனே அவன்தான்.

“இது எப்டி வூட்டுக்கு வந்துச்சு?”

நான் அடுப்பை ஊதினேன். அவன் மீனை அறுத்துத் தெருவில் எறிந்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டியோடு போனான்.

ஆமாம், நான்தான் எடுத்தேன். ஹில்டா குழிக்குள் இருக்கிறாள், சுடப்போகிறார்கள் என்று தெரிந்துதான் எடுத்தேன். அவள் போனால் பிள்ளை என்னோடு இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வைக்கிறேன். இனி என் விஷயத்துக்கு வருவோம். பொழுது சாய்ந்தால் ஸ்டெல்லா என்னைத் தேடுவாள், ஐயா. இதோ, தெருவில் கிடந்த மீனைக் கழுவி, புதுக் கயிறு போட்டு எடுத்து வந்திருக்கிறேன். பிள்ளையை எப்போது என்னிடம் கொண்டுவந்து விடுவீர்கள்?