நடுச்சுவர் ஜங்ஷன்

— வெட்டும்மா. யோசிக்காம வெட்டு. என் வீட்டுலேர்ந்து அந்தப் பக்கம் போற கம்பி ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

— வெட்டறது பெரிய வேலையில்ல சார். எதை வெட்டறோம்னு பாத்துட்டு வெட்டணும். நான் எலக்ட்ரீஷியன், மரம் வெட்ட வந்தவ இல்ல. இந்தச் சுவத்துல ஜங்ஷன் பெட்டி எங்க இருக்கு?

— ஜங்ஷனைப் பத்தி என்கிட்டயே கேக்கறியா? இருபத்தாறு வருஷமா ஜங்ஷன் நடுவுல நின்னு கை காட்டறவன்மா நான். டிராஃபிக் போலீஸ். இந்த ஊர்ல எனக்குத் தெரியாத ஜங்ஷன் கிடையாது.

— அது ரோட்டு ஜங்ஷன் சார். நான் கேக்கறது சுவத்து ஜங்ஷன்.

— ஏங்க, அலமாரிக்குப் பின்னால வெள்ளை மூடி போட்டு இருக்கே, அதைத்தான் கேக்கறா.

— நீ சமையல்கட்டுலேர்ந்து குரல் குடுக்காத. இங்க சட்டம் பேசிட்டிருக்கோம்.

— சட்டம் பேசறவரு அலமாரிக்கு ஒரு கை குடுங்க. அந்தப் பொண்ணு ஒத்தையா தள்ளிட்டிருக்கா.

— தள்ளறேன், தள்ளறேன். இடது பக்கம் வாம்மா. வா, வா. நில்லு. போதும்.

— அலமாரிக்கும் கை காட்டறீங்களே சார். சரி, உங்க சந்தேகம் என்ன, அதைச் சொல்லுங்க.

— சந்தேகமே இல்ல, திருட்டுதான். கரண்ட் போனா தெருவே இருட்டா இருக்கும். என் வீட்டுல மட்டும் ஃபேன் சுத்தும், லைட்டு எரியும். அதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. கரண்ட் ஆபீஸ் வண்டிக்கு ஒருநாள் என் ஜங்ஷன்ல வழி விட்டேன். அந்த விசுவாசம் அவங்களுக்கு இருக்கு.

— தெருவுக்கே ஒரு லைன்தானே சார்?

— மரியாதைக்குத் தனி லைன் உண்டும்மா. அதை விடு. சுவத்துக்கு அந்தப் பக்கம் என் தம்பி வீட்டுலயும் எரியுதே, அது எப்படி? அவனுக்கு யாரு விசுவாசம் காட்டப் போறா? என் கரண்டைத்தான் உறிஞ்சறான்.

— அந்தப் பக்கம் உங்க தம்பியா?

— தம்பியா இருந்தவன். ரெண்டு வருஷமா பக்கத்து வீட்டுக்காரன். வீட்டுக்குக் குறுக்க சுவரு வச்சாச்சு, மீட்டரைப் பிரிச்சாச்சு, அவன் வாசலைப் பின்தெருவுக்கு மாத்தியாச்சு. இந்தக் கம்பி மட்டும்தான் பாக்கி. அதையும் இன்னிக்கு அறுத்துட்டா ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

— அப்படி என்ன சார் சண்டை?

— சண்டை இல்ல, சட்டம். சிவப்பு விளக்கு எரியுது. இவன் வண்டியில கோட்டைத் தாண்டி வர்றான். மேலதிகாரி என் பக்கத்துலயே நிக்கறாரு. என்ன பண்ணச் சொல்ற? ஓரமா நிறுத்துன்னேன்.

— நிறுத்தினதோட விட்டாரா? கூடப் பொறந்தவரை முக்கால் மணி நேரம் வெயில்ல நிக்க வச்சாரும்மா. என் கொழுந்தனார் ரயில்வே ஸ்டேஷன்ல மைக்குல அறிவிப்பு சொல்றவரு. அன்னிக்கு மைக்குக்கு ஆளில்ல. ஒரு ரயில் ஜனம் மொத்தமும் மூணாவது பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு, ஒண்ணாவதுல அவங்க ரயில் போறதை வேடிக்கை பாத்துச்சு. அவருக்கு மெமோ குடுத்துட்டாங்க.

— சட்டம்னா சட்டம். தம்பின்னு பாத்தா நாளைக்கு மச்சான் வருவான், மாமன் வருவான். ஜங்ஷன்னா என்னம்மா? நாலு பக்கத்துலேர்ந்தும் வர்றவனை நிறுத்தி, ஒருத்தனை ஒருத்தன் தொடாம அவனவன் வழியில அனுப்பற இடம்.

— எங்க தொழில்ல நேர்மாறு சார். தொடணும். நல்லா முறுக்கித் தொடணும். தொடாத கம்பிக்குப் பெட்டி எதுக்கு?

— பஸ்காரன் ‘ஜங்ஷன், ஜங்ஷன்’னு கத்தினா நான் இறங்கிக் காய் வாங்குவேன். எனக்குத் தெரிஞ்ச ஜங்ஷன் அவ்வளவுதான். ஆனா கொழுந்தனார் ஒண்ணு சொல்வாரு. ரயில்காரங்களுக்கு ஜங்ஷன்னா காத்திருக்கற இடமாம். ஒரு வண்டி லேட்டுன்னா இன்னொரு வண்டி நிக்குமாம். அதுல வர்றவங்களை ஏத்திக்கிட்டுத்தான் கிளம்புமாம்.

— எப்ப சொன்னான் உன்கிட்ட?

— எப்பவோ சொன்னது. ஏம்மா, இன்னிக்கேதான் வெட்டணுமா? ஒரு டீயைக் குடிச்சுட்டுப் போய்ட்டு, அடுத்த வாரம் வாயேன்.

— அவளை ஏன் கிளப்பற? மிக்ஸியைப் போட்டு உன் வேலையைப் பாரு. நீ மூடியைக் கழட்டும்மா.

— கழட்டிட்டேன் சார். அடடே. யாரோ நல்லா வேலை தெரிஞ்ச ஆள் போட்டிருக்கு. டேப்பு சுத்தியிருக்கற அழகைப் பாருங்க. நான்கூட இப்படித்தான்... சார், ஒரு நிமிஷம்.

— என்ன?

— இது நான் சுத்தின டேப்பு.

— நீயா? என் வீட்டுக்கு இன்னிக்குத்தானே வர்ற?

— பின்தெரு வழியா வந்தேன் சார், போன வருஷம். மைக்குல பேசற மாதிரியே பேசுவாரு ஒருத்தரு. இதே பெட்டியை அந்தப் பக்கத்துலேர்ந்து திறந்தேன். அதுக்குப் பின்னால உங்க வீடுன்னு எனக்கென்ன தெரியும்?

— அப்ப திருட்டுக்குக் கூட்டு நீதான். உன்னையும் ஓரமா நிறுத்தணும்.

— அப்புறமா நிறுத்துங்க. முதல்ல மெயினை இறக்கறேன். பாத்துக்குங்க, இறக்கிட்டேன். இப்ப உங்க வீட்டுல கரண்ட் கிடையாது.

— ஃபேன் சுத்துதே.

— ஆமா.

— மிக்ஸியும் ஓடுதே.

— ஓடும் சார். உங்க வீட்டுலேர்ந்து அந்தப் பக்கம் ஒரு கம்பிகூடப் போகல. இந்தச் சிவப்புக் கம்பி அங்கேர்ந்து இங்க வருது. உங்க கரண்ட் போனா அவரு இன்வர்ட்டர்லேர்ந்து உங்களுக்கு வரும். அப்பவே கேட்டேன், அந்தப் பக்கம் யாருன்னு. ‘வேண்டியவரு, என் பேரைச் சொல்லிடாதீங்க’ன்னாரு.

— ஏய், இங்க வா. உனக்குத் தெரியுமா இது?

— தெரியும். போன வருஷம் உங்களுக்கு இழுப்பு வந்து, மூச்சு மெஷினைப் போட்டப்ப கரண்ட் போச்சே. நான் போட்ட கூச்சல் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கு. மறுநாள் நீங்க டியூட்டிக்குப் போனதும் வந்து, ‘இன்வர்ட்டர் கம்பி ஒண்ணு குடுக்கட்டுமா அண்ணி’ன்னு கேட்டாரு. இந்தப் பக்கத்து மூடியைத் திறக்க நான்தான் அலமாரியை நகத்திக் குடுத்தேன். இன்னிக்கு இவ வர்றதுக்குள்ள கம்பியை மறைச்சுடலாம்னு ஒத்தையா நகத்திப் பாத்தேன், இடுப்பு ஒத்துக்கல.

— கரண்ட் ஆபீஸ் விசுவாசம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடி.

— சொல்லிட்டுத்தான் இருந்தீங்க. கேக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.

— கவனிக்கவும். அண்ணியின் கனிவான கவனத்திற்கு. மிக்ஸி ஓடினால் உடனே நிறுத்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. இன்வர்ட்டர் கத்துது அண்ணி.

— ஐயோ, பெட்டிக்குள்ளேர்ந்து குரல் வருது சார்.

— அவன்தான். பயந்தான்னா அறிவிப்பு மாதிரி பேச ஆரம்பிச்சுடுவான். சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான்.

— அண்ணனா அது? மூடியைத் திறந்துட்டீங்களா? அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மெஷினுக்காகத்தான் போட்டேன்.

— சார், கட்டிங் பிளேயர் என் கையில இருக்கு. சிவப்புக் கம்பி இதுதான். வெட்டட்டுமா?

— நீ ஓரமா நில்லும்மா. டேய்.

— சொல்லுங்கண்ணே.

— இப்ப உன் பக்கம் ஃபேன் சுத்துதா?

— இல்லண்ணே. சின்ன இன்வர்ட்டர். உங்க பக்கம் ஓடறப்ப இங்க ஒரு லைட்டு மட்டும்தான் எரியும். விசிறி வச்சிருக்கோம். பழகிடுச்சு.

— ஏங்க, அவருகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.



— அண்ணன் ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி. அன்னிக்குக் கோட்டைத் தாண்டினது நான்தானே. அண்ணே, நீங்க கையைக் காட்டின மாதிரி தெரிஞ்சுது, வரச் சொல்றீங்கன்னு வந்துட்டேன். வெயில்ல கண்ணு ஏமாத்தியிருக்கும்.

— ஏமாத்தலடா. அவ்வளவு கூட்டத்துல உன் மூஞ்சியைப் பாத்த சந்தோஷத்துல, நான்தான் கையை ஆட்டினேன்.