மரணக்கிணற்றுப் பலகைகள்

ராத்திரி மணி ஒன்றரை இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் ஒரே ஒரு லாரி... வேறு வெளிச்சமே கிடையாது. எண்பத்தேழாம் வருஷம், ஆடிப்பூரம் முடிந்த மறுவாரம். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். லாரியின் பின்னால், பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தவள் பரிபூரணம். என் கூட்டாளி கருத்தப்பாண்டிக்குச் சித்தி.

அவை மரணக்கிணற்றுப் பலகைகள். வட்டச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார்களே, அது. அவள் மாமனார் கையால் சுற்றுகிற ஒற்றைக் குடைராட்டினத்தோடு ஊர் ஊராகத் தொடங்கிய பொருட்காட்சி. பிள்ளைகள் தலையெடுத்ததும் கிணறு வந்தது. மூத்தவர் சங்கரலிங்கம் பலகைகளைப் போல்ட் போட்டு மாட்டி அதை நிறுத்துவார். இளையவன் சௌந்தரபாண்டியன், பரிபூரணத்தின் புருஷன், அதில் ஓட்டுவான்.

எட்டு நாளைக்கு முன்னால், பாதி ஓட்டத்தில் ஒரு பலகை கழன்றது. இருபத்தைந்து அடி உயரம். அங்கேயே முடிந்துபோனான்.

"குடிச்சிட்டு ஏறிட்டான்" என்று போலீஸிடமும் ஊரிடமும் சொன்னார் சங்கரலிங்கம். ஒரு சொட்டு தொடாத மனுஷனை! கூட்டம் காத்திருக்கிறதென்ற அவசரத்தில் மாட்டாமல் விட்ட போல்ட்டுகள் மண்ணில் கிடந்ததைப் பரிபூரணம் பார்த்தாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்? எட்டு நாளாக அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கு தாண்டியதும்... டுர்ர்ர்ர்.

அடியில். கட்டிவைத்த பலகைகளுக்குள். சுற்றிச் சுற்றி வந்தது. பெட்ரோல் வாடை... சூடேறிய ரப்பர் வாடை. மோட்டார் சைக்கிளோ போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது.

அவளுக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பலகையில் ஓங்கி அறைந்தாள்.

"என்கிட்ட வந்து என்னத்துக்கு உறுமுறீக? உங்களக் குடிகாரன்னு சொன்ன அண்ணன் முன்னாலதான தூங்குறாரு... அங்க போங்க!"

சத்தம் நின்றது.

பிறகு, முன்னாலிருந்து ஒரு அலறல்.

டிரைவர் சமுத்திரம் லாரியை நிறுத்தி, சங்கரலிங்கத்தை இறக்கி ரோட்டில் படுக்க வைத்தான். "அக்கா, அண்ணாச்சி ஒரேயடியா சாயுறாரு. வந்து பாருங்க!"

அவர் குப்புறப் புரண்டு, பத்து நகத்தாலும் தார் ரோட்டைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி பரிபூரணம்... கையக் குடு. விழப்போறேன்!"

"தரையிலதான அத்தான் கெடக்கீக? எங்கன விழப்போறீக? சொல்லுங்க, அவரு குடிச்சிருந்தாரா? டிரைவர் காது கேக்கச் சொல்லுங்க."

"இல்ல... இல்லட்டி. போல்ட்டு நாந்தான் மாட்டல. கையப் புடி!"

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நகங்கள் வழுக்கின... மடார். ஒரே சத்தம்.

மறுநாள் உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர் சமுத்திரத்திடம் கேட்டார்:

"எந்த மாடியிலருந்து விழுந்தாரு?"