பச்சைப் பொடி

"உங்க வீட்டுக் கழிவுதான்க்கா இது. எங்க சுவரோரம் வந்து நிக்குது பாருங்க."

"என் வீட்டுல நான் ஒருத்தி. உங்க வீட்டுல மூணு பேரு. யாரு தண்ணி அதிகம்னு நீயே சொல்லு."

சண்டை என்றால் இவ்வளவுதான். நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி உயர்த்தினாள், மரியாதைக்கு நானும் உயர்த்தினேன். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்க வந்தவர், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே கடைசிவரை கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டுச் சண்டையை நான் ஜன்னலைத் திறந்து வைத்தே கேட்டிருக்கிறேன்.

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், வரிசையாகவே சொல்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் என் கழிவுக் குழாய், அந்தப் பக்கம் அவர்களுடையது. இரண்டும் மண்ணுக்கடியில் ஓடி, தெருவிலிருக்கும் பெரிய குழாயில் சேரும். பெரிய குழாய்தான் நகராட்சியுடையது. அதுவரைக்கும் வருவது, தெருவுக்கு அடியில் ஓடினாலும், வீட்டுக்காரர் தலையில். இந்தச் சங்கதி நோட்டீஸ் வரும்வரை தெருவில் ஒருவருக்கும் தெரியாது; எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த குழாய் யாருடையதோ அவர்கள் முப்பது நாளில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று போட்டிருந்தது.

யாருடையது என்று கண்டுபிடிக்க நகராட்சி ஊழியர் ஒருவர் பச்சைப் பொடியோடு வந்தார். ஒரு வீட்டுக் கழிப்பறையில் பொடியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், சுவரோரம் கசிவது பச்சையாகிறதா என்று பார்ப்பார். பச்சையானால் உடைந்தது அந்த வீட்டின் குழாய்தான். முதலில் தையல்காரி வீடு என்றார். அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டப் போயிருந்தார், மகள் கல்லூரியில். சாவி என்னிடம் இருந்தது. அத்தனை சண்டைக்குப் பிறகும் அவள் அதைத் திருப்பி வாங்கவில்லை.

ஆளில்லாத வீட்டுக்குள் போக ஊழியருக்குத் தயக்கம். "நீங்களே கொட்டிட்டு மூணு வாளி ஊத்திடுங்கம்மா, நான் இங்க பாத்துக்கறேன்" என்றார்.

அவர்கள் முன்கதவைத் திறந்து உள்ளே போனேன். பின்கதவு வழியே வெளியே வந்தேன். பின்பக்கம் சுவர் கிடையாது. என் பின்கதவுக்குப் பத்தடி. என் கழிப்பறையில் பொடியைக் கொட்டி மூன்று வாளி ஊற்றினேன். வந்த வழியே திரும்பி, கதவைப் பூட்டினேன்.

கால் மணி நேரத்தில் சுவரோரம் பச்சையானது. ஊழியர் அவர்கள் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு போனார்.

நான் விதவை. மகன் கடல் தாண்டி இருக்கிறான், போனில் ஒரு வார்த்தை கேட்க மட்டும் நேரம் இருக்கும் அவனுக்கு. தையல்காரி வீட்டில் இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள். செலவு யாருக்குத் தாங்கும் என்றுதான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் வேன்காரர் என் வாசலில் வந்து நின்றார். என் கேஸ் சிலிண்டரை மாட்டுவதும், பல்பு மாற்றுவதும் அவர்தான். "எங்க குழாய்னு தெரியாம அவ உங்களப் பேசிட்டாக்கா. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை.

குழாய்க்காரர் சொன்ன கூலியைக் கேட்டு மலைத்த வேன்காரர், தானே தோண்டுவதாக முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரையொட்டித் தோண்டினார். தோண்டத் தோண்டக் குழாய் நன்றாகவே இருந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளி உடைஞ்சிருக்கும் போலக்கா" என்பார். பள்ளம் தலை மறையும் ஆழத்துக்குப் போனது. ஒரு நாள் உள்ளேயிருந்தபடியே கேட்டார்: "கடப்பாறை கையில இருக்கும்போதே உங்க பக்கமும் பாத்துடட்டுமா? உங்களுக்குக் காசு மிச்சமாகும்." வேண்டாம் தம்பி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். திரைச்சீலைகளைத் துவைத்தேன். துவைத்த இரண்டு தொட்டித் தண்ணீரையும் ஒன்றாகக் கழிவுக் குழாயில் திறந்துவிட்டேன். வெயிலை வீணாக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று அன்றைக்குப் போலீஸிடம் சொன்னேன்.

"அக்கா, இந்தப் பக்க மண்ணுலேர்ந்து தண்ணி வருது. சோப்பு வாசனை அடிக்குது. கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. நிறுத்தினால் அங்கே தண்ணீரும் நிற்கும், யாருடைய தண்ணீர் என்று தெரிந்துவிடும். நான் தொட்டியின் திருகில் கை வைத்தபடியே நின்றேன். மூடவில்லை. பிறகு மண் சரிகிற சத்தம். மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி, அவ்வளவுதான்.

மண்ணை முதலில் கையால் வாரியவள் தையல்காரி. ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிய அங்குஸ்தானைக்கூடக் கழற்றவில்லை. நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாரினேன். தெருவே பார்த்தது. கேட்டுப் பாருங்கள்.

அவர் போன பிறகு நகராட்சிக்குக் கண் திறந்தது. பழைய நோட்டீஸைக் கிடப்பில் போட்டு, இனி வீட்டுக் குழாய் உடைந்தால் செலவு நகராட்சியுடையது என்று நிதி ஒதுக்கினார்கள். தெருவில் முதல் விண்ணப்பம் என்னுடையது. என் முறை வர இரண்டு வருஷம் ஆனது. போன வாரம்தான் தோண்டினார்கள். உடைந்த குழாயைப் பார்த்த குழாய்க்காரர், சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம் இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தையல்காரி அந்த வருஷமே வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். மகளுக்குப் போன மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மருந்துக் கடை வைத்திருக்கிறான், கொஞ்சம் வழுக்கை, ஆனால் நல்ல பையன். "பெரியம்மா, அப்பா எடத்துல நீங்க நிக்கணும்" என்று அவளே போன் செய்தாள். போய் நின்றேன். தையல்காரி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அந்த வீட்டுச் சாவி இன்னும் என் ஆணியில்தான் தொங்குகிறது. அவள் திருப்பிக் கேட்கவே இல்லை. அக்கம்பக்கம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.