மறுபடி கட்டின பூ

"குனிங்கடி! தலையைக் குனிங்கடி!"

கத்துறது நான். கல்லு வருது. முதல் கல்லு ஏலத்தட்டையில விழுந்து சடசடங்குது. ரெண்டாவது தூக்குவாளியில பட்டு ணங்குன்னு ஒரு சத்தம். மூணாவதுக்குச் சத்தமே இல்ல. அது ராசாத்தி முதுகுல விழுந்துச்சு. வியாழக்கிழமை. மணி மூணு பத்து. மேல ரோட்டுல நின்னு எறியுறாக. எத்தனை பேருன்னு தெரியல. மரத்துக்கு ஊடால கைலியும் கையும்தான் தெரியுது. நாங்க பன்னெண்டு பொம்பளைக. சரிவுல ஓடுறோம். செருப்பு போச்சு. சோத்துப் பை போச்சு. நான் முன்னால ஓடுறேன். என் தம்பி பொண்டாட்டி செல்வி எனக்குப் பின்னால மூணாவது ஆளு.

நான் பாண்டியம்மா. கம்பம். கம்பம்மெட்டு எல்லைக்கு அங்கிட்டு மலையாளத்துப் பக்கம் இருக்குற ஏலக்காட்டுக்கு ஜீப்புல ஆள் கூட்டிட்டுப் போறவ. காலையில அஞ்சரைக்கு ஏறுவோம். பொழுது சாய இறங்குவோம். பதினோரு வருசம். ஆளுகளை அதட்டி மேய்க்க எனக்கு வாய் உண்டு. அந்த வாய்தான் அன்னைக்கும் முன்னால போச்சு.

இதைப் போருன்னு யாரும் எழுதல. ரெண்டு மாநிலத்துக்கும் அணைத் தண்ணித் தகராறுன்னு பேப்பர்ல எழுதினாக. அங்கிட்டு தமிழாளுகளை அடிச்சாக. இங்கிட்டு கம்பத்துல மலையாளத்தாரு கடையை நொறுக்கினாக. ரெண்டையும் சொல்லணும்.

அன்னைக்குப் போனதே தப்புன்னு இப்ப எல்லாரும் சொல்றாக. அப்ப எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை போனோம். ஒருத்தன் ஜீப்பைப் பார்த்துத் துப்பினான், அம்புட்டுத்தான். புதன்கிழமை போனோம். அதுவும் இல்ல. ரெண்டு நாள் ஒண்ணும் ஆகலைன்னா மூணாவது நாளும் ஆகாதுன்னு மனசு தானா நம்பிருது. பக்கத்துத் தெரு ஜீப்பு கிளம்புறதைப் பார்த்து நாங்க கிளம்பினோம். எங்களைப் பார்த்துத்தான் அவுக கிளம்பினாகளாம். நல்ல கூத்து.

பன்னெண்டரைக்கு முதல் சத்தம். டயர் வெடிக்கிற சத்தம். எங்க ஜீப்பைக் கொளுத்திட்டாக. டிரைவர் ஓடி வந்து அதைச் சொல்லிட்டு, நிக்காம காட்டுக்குள்ள ஓடிட்டான். நாங்க பதினாலு பேரும் ஏலக்காய் உலர்த்துற ஸ்டோருக்குள்ள ஒண்டினோம். கல்லுக் கட்டடம். இரும்புக் கதவு. மேஸ்திரி வர்கீஸ் சேட்டன் மலையாளத்தாரு, அறுபது வயசு. வெளிய பூட்டி சாவியை நான் வச்சுக்கிறேன், யாரும் இல்லைன்னு சொல்லிருறேன், நாளைக்கு நானே கொண்டாந்து விடுறேன்னாரு. "பேடிக்கண்டா, பயப்பட வேணாம், இங்கன இரிங்க"ன்னாரு.

நான் கதவுகிட்டப் போயி நின்னுக்கிட்டேன். பூட்டுறேன்னாரே, அந்தச் சொல்லுதான். பதினோரு வருசத்துல அந்த மனுசன் எங்களை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. அந்த நேரத்துல பதினோரு வருசம் ஞாபகத்துக்கு வரல. மலையாளத்தாருங்கிறது மட்டும் வந்துச்சு. போதாததுக்கு செல்லுல ஒரு செய்தி. எங்கேயோ ஒரு ஸ்டோரை ஆளோட பூட்டிக் கொளுத்திட்டாகன்னு. யார் அனுப்பினது, எந்த ஊரு, ஒண்ணும் இல்ல. அப்படி எங்கயும் நடக்கலைன்னு நாலு நாள் கழிச்சுத் தெரிஞ்சுச்சு. ஆனா எங்க ஜீப்பு எரிஞ்ச புகையை நாங்க கண்ணால பார்த்துட்டோமே.

இருக்குறதா, இறங்குறதா? கழுதைப் பாதையில இறங்கினா மூணு மணி நேரத்துல அடிவாரம். பாதிப் பேரு இருப்போம்னாளுக. பாதிப் பேரு போவோம்னாளுக. அப்பத்தான் நான் பூக்கட்டிப் பார்ப்போம்னேன்.

கல்யாணம், கிணறு வெட்டு, ஆபரேசன்கூட, பூக்கட்டிப் பார்க்காம நாங்க அசைய மாட்டோம். ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம். ஸ்டோர் வாசல் செம்பருத்தி ஒண்ணுல. வெள்ளைக்கு ஏலப்பூ இன்னொண்ணுல. ரெண்டையும் ஏலத்து இலையில மடிச்சேன். சிவப்பு வந்தா இருக்கணும். வெள்ளை வந்தா இறங்கணும். எல்லாருக்கும் இளையவ செல்வி. சாமியைக் கும்பிட்டு அவ எடுத்தா. பிரிச்சா.

சிவப்பு.

செல்வி சிரிச்சா. அப்பாடான்னு காலை நீட்டி உட்கார்ந்தா. எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துச்சு. இலை சரியா மடியல, வெளிய சிவப்பு தெரிஞ்சுச்சு, இது செல்லாதுன்னேன். பொய். ஒண்ணும் தெரியல. "சாமிகிட்ட ரெண்டு தரம் கேக்கலாமா மதினி?"ன்னா. "எல்லாம் கேக்கலாம், எடுடி"ன்னேன். வெள்ளை வந்துச்சு. வரலைன்னா மூணாவதும் கட்டியிருப்பேன். பூட்டுங்கிற சொல்லைக் கேட்டப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். பூவெல்லாம் ஒப்புக்கு.

முட்டுவலிக்காரி மாரியாயியும் அவ மகளும் வரலைன்னுட்டாக. போகாதீகன்னு வர்கீஸ் கையெடுத்துக் கும்பிட்டாரு. போயிட்டோம்.

கழுதைப் பாதை ஓரிடத்துல ரோட்டை ஒட்டி வரும். எனக்கு நல்லாத் தெரியும். அங்கன ஆள் நிப்பாகன்னு யோசிக்கல. தீயைப் பத்தி மட்டுமே யோசிச்சேன்.

கல்லு விழுந்தப்ப "மதினி!"ன்னு செல்வி ஒரு தரம் கத்தினா. திரும்புறேன். காதுக்கு மேல ரத்தம். கண்ணு தெரியாதவ மாதிரி கையை நீட்டிக்கிட்டே நடக்குறா. ரெண்டு எட்டு. பாறை விளிம்பு. ஆள் இல்ல. கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஐயோ, அதை நான் எப்படிச் சொல்ல.

கட்டையோட இறங்கி வர்றாக. சரசு மூஞ்சியில அடிச்சாக. ராசாத்தி கை ஒடிஞ்ச சத்தம், விறகு ஒடிச்ச மாதிரி. "ஓடுங்கடி!"ன்னேன். ஓடினேன். செல்வி விழுந்த பக்கம் எட்டிப் பார்க்கல. மத்தவளுகளைக் காப்பாத்த ஓடினேனா, என் உசிருக்கு ஓடினேனா? இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

மறுநாள் உச்சிப்பொழுது. வர்கீஸ் தன் ஜீப்புல தார்ப்பாயைப் போர்த்தி மாரியாயியையும் மகளையும் செக்போஸ்ட்ல கொண்டாந்து இறக்கிவிட்டாரு. ஒரு கீறல் இல்ல.

போலீஸ் கேட்டாக. டிவிக்காரக கேட்டாக. பூக்கட்டிப் பார்த்தோம், வெள்ளை வந்துச்சு, இறங்கினோம்னேன். முதல்ல வந்ததைச் சொல்லல. கூட வந்தவளுக ஒருத்தியும் சொல்லல. தம்பி என்னை ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை வந்து எங்க வீட்டுல சாப்பிடுறான். சோத்தைப் போட்டுட்டு நான் அடுப்படிக்குப் போயிருவேன். அவன் மூஞ்சியைப் பார்க்க முடியல.

காலையில ஏறிப் போனது பதினாலு பேரு. ஸ்டோர்ல இருந்தது ரெண்டு. ரெண்டும் முழுசா வந்துச்சு. கழுதைப் பாதையில இறங்கினது பன்னெண்டு. ராசாத்திக்கு வலது கை மடங்காது. சரசுக்கு ஒரு கண்ணு போச்சு. முருகாயி வயித்துல மூணு மாசம். அது கலைஞ்சு போச்சு. ஜீப்பு ஒண்ணு. செத்தது ஒருத்தி. செல்வி, இருபத்தாறு வயசு. டேய் தம்பி, அவ வரமாட்டேன்னுதான் உட்கார்ந்திருந்தா. நான்தான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன்.