ஃபுவென்சாந்தா வீட்டு வாசல் வரிசைகள்

மேடையில் வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, பங்குத்தந்தை ஹினேஸ் அவர்களே, கறுப்புடையில் அமர்ந்திருக்கும் ஃபுவென்சாந்தா அம்மையாரின் தங்கை கரிதாத் அவர்களே, பூ வெட்டிப் பிழைக்கும் இருபத்திரண்டு குடும்பத்தாரே!

நான் வியாபாரி. அழவைக்கப் பேசத் தெரியாது. நம் கூட்டுறவின் தலைவி ஃபுவென்சாந்தா அம்மையார் போய் இன்றோடு முப்பது நாள். அவரை நான் முதலில் பார்த்தது எப்படி தெரியுமா? தினமும் தானே தண்ணீர் தெளிக்கும் கருவி ஒன்றை அவர் தலையில் கட்டப் போனேன். அவர் வாங்கினாரா? கையில் மண்வெட்டியைத் தந்து, இரண்டு ஜினியாச் செடிகளைத் தோண்டச் சொன்னார். தினம் நனைந்த செடியின் வேர் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆறு நாளுக்கு ஒருமுறை ஆழ நனைந்ததன் வேரைத் தோண்டி முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போனது.

"தெனமும் மடியில ஒக்கார வச்சு ஊட்டுனா அது ஏன்டா எந்திரிச்சு நடக்கப் போவுது? ஒன் மெஷினத் தூக்கிட்டுக் கெளம்பு, பிளாஸ்!" என்றார்.

கிளம்பினேன். மறுவாரம் அவரிடமே விதை வாங்க வந்தேன்!

ஆறு நாள்! ஸ்பெயினிலேயே மழை காணாத இந்த முர்சியா மண்ணில், ஒரு பருவமே வாழும் பூவை அந்த ஒரு கணக்கால் நிமிர்த்தியவர் அவர். நாமெல்லாம் விதை முற்றுமுன் பூவை வெட்டி விற்கிறோம். அடுத்த ஆண்டுக்கான விதை எங்கிருந்து வருகிறது? அவர் வீட்டு ஆறு வரிசைகளிலிருந்து. வேறெங்கும் இல்லை.

இந்த ஆண்டு அந்த வரிசைகளில் நாற்று நட்ட வாரத்திலேயே அவர் கண்மூடினார். நாம் என்ன செய்தோம்? அவருக்காக அந்த வரிசைகளில் ஒரு பூவையும் வெட்டக்கூடாது என்றோம். துக்கம் கேட்கப் போன ஒவ்வொருவரும் வாசலோரச் செடிகளுக்கு ஒரு கூஜா தண்ணீர் ஊற்றினோம். நானும் ஊற்றினேன். முப்பது நாளும்! அன்பால் செய்தோம். அவர் ஆயுள் முழுக்க வேண்டாம் என்றதைச் செய்தோம்.

வாசலோர மூன்று வரிசைகளைப் பார்த்தீர்களா? அவர் இருந்தபோதுகூட அப்படிச் செழித்ததில்லை. எனக்கு அதுதான் பயம். இன்று காலை ஒரு செடியை இரண்டு விரலால் இழுத்தேன். சோற்றிலிருந்து கறிவேப்பிலையை எடுப்பதுபோல் வந்துவிட்டது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. வியாழக்கிழமை லெவேச்சே காற்று வருகிறதாம். அந்தத் தென்காற்றின் சூட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எவ்வளவு ஊற்றினாலும் இந்த வேர் அதைத் தாங்காது.

மதிலோர மூன்று வரிசைகளுக்கு யார் கூஜாவும் எட்டவில்லை. ஆறு நாளுக்கொருமுறை வரும் வாய்க்கால் தண்ணீர் மட்டும்தான். குட்டையாக, பார்க்கச் சகிக்காமல் நிற்கின்றன. ஆனால் நிற்கின்றன!

இன்று மாலை நமக்கு வாய்க்கால் முறை. வரப்போவது பாதித் தண்ணீர். மூன்று வரிசைக்குத்தான் காணும். மதிலோரத்துக்கே விடுவோம் என்றேன். கரிதாத் அம்மா நேற்று என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"எங்கக்கா பூவ என் கண்ணு முன்னாடியே சாக விடச் சொல்றியா? நீயெல்லாம் மனுசனா?"

"பூவைத்தாம்மா விடச் சொல்றேன். விதைய இல்ல."

என் சட்டையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்பர்களே! அந்தத் தண்ணீரை வரிசைக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டால் ஆறு வரிசையும் போகும். அடுத்த ஆண்டு இருபத்திரண்டு குடும்பங்களும் எதை விதைப்போம்? அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்வது எளிது. வியாழன் மதியம் வாசல் வரிசைகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கும். தெருவில் நின்றாலே தெரியும். அப்போது கூஜாவைத் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அவர் பணி. நிற்போம் என்பவர்கள் எழுந்திருங்கள்.

கரிதாத் அம்மா, நீங்கள் எழும்வரை நான் மடையைத் தொட மாட்டேன். ஆனால் முறைத் தண்ணீர் ஐந்து மணிக்குப் போய்விடும்.