பதினேழாவது வரி

இல்ல மேடம், இதுக்கு மேல வண்டி போகாது. சந்து குறுகல். டிரைவர் இங்கயே நிக்கட்டும், நாம நடந்துருவோம், அஞ்சு நிமிஷம்தான். பாத்து வாங்க, அந்தச் சாக்கடை மூடி ஆடும், அது மேல கால் வெக்காதீங்க. ஃபைலை வேணா என்கிட்ட குடுங்க, நான் தூக்கிட்டு வரேன். வேண்டாமா? இல்ல, கனமா இருக்குமேன்னு கேட்டேன். சரி சரி, நீங்களே வெச்சுக்கோங்க.

மேடம், சுத்தி வளைக்காம கேட்டுடறேன். அதுக்குள்ள போன மூணு மாசத்துப் புகார்த் தாள் இருக்கில்ல? இருபத்தி மூணு வரி, அடியில என் கையெழுத்து. அதை மட்டும் நாம பாக்கப் போற அந்தப் பொண்ணு முன்னாடி வெளிய எடுக்காதீங்க. வேற என்ன வேணா கேளுங்க, என்ன வேணா எழுதிக்கோங்க. இந்த ஒரு தாள் மட்டும் வேண்டாம்.

விதிப்படி காட்டியாகணுமா? தெரியும் மேடம். அந்த விதியையெல்லாம் ஆறு வருஷமா சுவத்துல ஒட்டிட்டு இருக்கறவனே நான்தான். நல அதிகாரின்னு பேரு. உங்க கம்பெனிக்கு ஷூ பண்ற ரெண்டாயிரம் பேரு நல்லா இருக்காங்கன்னு உங்களுக்கு எழுதி அனுப்பறது என் வேலை. நல்லா வெச்சுக்கறது இல்ல, எழுதி அனுப்பறது.

ஏன்னு சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். இப்படி ஓரமா வாங்க, சைக்கிள் வருது.

உங்க கம்பெனியில இருந்து ஒரு பெட்டி அனுப்பினீங்களே, நெனவிருக்கா? நீலக் கலரு, ஓடற ஷூ படம் போட்டு, உங்கள் குரலே எங்கள் பலம்னு எழுதியிருக்கும். யாரு வேணா பேரு போடாம புகார் எழுதிப் போடலாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ஆனா எங்காளுங்க அதை எங்க மாட்டினாங்க? மேனேஜர் ரூம் வாசல்ல. மேல கேமரா. எவன் போடுவான் சொல்லுங்க? மொத வருஷம் பூரா ஒரு சீட்டு விழல. நானும் வெள்ளந்தியா, புகார் பூஜ்யம்னு பெருமையா எழுதி அனுப்பினேன். உங்க ஆபீஸ்ல இருந்து வந்துச்சு பாருங்க ஒரு கடிதம். ரெண்டாயிரம் பேர்ல ஒருத்தருக்குக்கூடப் புகார் இல்லைன்னா அவங்க பயந்து கிடக்கறாங்கன்னு அர்த்தம், அதனால மார்க்கைக் குறைச்சு மஞ்சள்ல போட்டுட்டோம்னு. மஞ்சள்னா அடுத்த சீசன் ஆர்டர் பாதி வேற நாட்டுக்குப் போயிரும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வெச்சுக் கத்தினாரு. புகார் இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பா, அப்ப நீயே உண்டாக்குய்யான்னாரு.

உண்டாக்கினேன்.

ஆமா மேடம், நானேதான். ஆறு பேனா வாங்கினேன், ஆறு கலரு. ஒரு சீட்டுல எழுத்தைச் சாய்ப்பேன், ஒண்ணுல உருட்டுவேன், ஒண்ணுல வேணும்னே பிழை விடுவேன். ஃபேன் சத்தம் போடுது, பாத்ரூம்ல சோப்பு இல்ல, கண்ணாடி உடைஞ்சிருக்கு, இப்படி. ஒருதடவை கேன்டீன் சாப்பாட்டுல உப்பு கம்மின்னு எழுதினேன். அடுத்த தடவை உப்பு ஜாஸ்தின்னு எழுதினேன். அப்பத்தானே நடுவுல நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும்? சிரிக்காதீங்க மேடம், அதுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து பாராட்டே வந்துச்சு. தொழிலாளர் குரலைக் கேட்கும் தொழிற்சாலைன்னு கண்ணாடியில ஒரு கேடயம். ரிசப்ஷன்ல உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சே, காலைல காபி குடிச்சீங்களே அப்ப, அதேதான்.

யாரையும் கெடுக்கலியேன்னு நெனச்சுக்கிட்டேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். பச்சை மார்க்கு வந்துச்சு. பச்சை வந்ததும் உங்க ஆளுங்க ஆர்டரை ஒண்ணரை மடங்கு ஆக்கினாங்க. நல்லாப் பாத்துக்கற இடத்துக்கு நிறைய வேலை குடுக்கணும்கறது உங்க கொள்கையாமே? வருஷா வருஷம் நீங்க அச்சடிக்கற புத்தகத்துலகூடப் போட்டிருந்தீங்க. நல்ல கொள்கைதான். ஆனா ஆளையும் கூட்டல, மெஷினையும் கூட்டல. மணிக்குத் தொண்ணூறு ஜோடி அழுத்தின பிரஸ்ல நூத்தி முப்பது அழுத்தச் சொன்னாங்க.

இதோ, இந்தக் கட்டடம்தான். லிஃப்ட் ஓடாது மேடம், மன்னிச்சுக்கோங்க. நாலாவது மாடி. மெதுவா ஏறலாம், அவசரம் ஒண்ணும் இல்ல. கைப்பிடியைத் தொடாதீங்க, துரு ஒட்டும்.

பிரஸ்னு சொன்னேன்ல. பசை தடவின அடிப்பாகத்தை மேல்பாகத்தோட வெச்சு அழுத்தற மெஷின். அதுல ரெண்டு பக்கமும் சின்ன லைட் இருக்கும், எங்க ஆளுங்க அதைக் கண்ணுன்னு சொல்லுவாங்க. கை உள்ள போச்சுன்னா கண்ணு பாத்துட்டு மெஷினை நிறுத்திரும். கை போனாத்தான்னு இல்ல, சட்டைக் கை ஓரம் ஆடினாலும் நிறுத்திரும். நின்னா மறுபடி ஓட அரை நிமிஷம். அந்த செக்‌ஷன் சூப்பர்வைசருக்குப் பேரே அரைநிமிஷம்தான். அரை நிமிஷம் போச்சு, அரை நிமிஷம் போச்சுன்னு நாள் பூரா அலறிட்டு இருப்பான். பொறுக்கமாட்டாம ஒருநாள் நாலாம் நம்பர் பிரஸ்ல கண்ணு மேல கறுப்பு டேப்பை ஒட்டிட்டான். அதுக்கப்பறம் மெஷின் எதுக்கும் நிக்கல.

அந்தப் பொண்ணு மொதல்ல என்கிட்ட வாயாலதான் சொல்லிச்சு. டேப் ஒட்டியிருக்காங்க, எனக்குப் பயமா இருக்கு, மேனேஜர்கிட்டப் பேசுங்கன்னு. நான் போகல. போனா எவ சொன்னான்னு கேப்பாங்க, அந்தப் பொண்ணைத்தான் மொதல்ல துரத்துவாங்க, இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கிட்டேன். உண்மை என்னன்னா நான் கோழை மேடம். பொறந்ததுல இருந்தே. எழுதிப் பெட்டியில போடும்மா, பேரு வேண்டாம், நான் நேரா வெளிநாட்டுக்கே அனுப்பிடறேன், அங்க இருந்து கேட்டா இவனுங்க நடுங்கிருவானுங்கன்னு சொன்னேன். அது போய், கேமராவுக்குக் கீழ நின்னு, நிமிர்ந்து பாத்துட்டே போட்டுச்சு. ஆறு வருஷத்துல அந்தப் பெட்டியில விழுந்த ஒரே நெசமான சீட்டு அதுதான்.

அனுப்பினேனான்னா கேக்கறீங்க? அனுப்பினேன். இருபத்தி ரெண்டு பொய்க்கு நடுவுல பதினேழாவது வரியா அதை எழுதினேன். ஒரு வார்த்தையை மாத்தல. நாலாம் நம்பர் பிரஸ்ல கண்ணை மூடிட்டாங்க, யாரு கையாவது போயிரும், எடுக்கச் சொல்லுங்க. அப்படியே எழுதினேன். எழுதறப்போ எனக்கே கொஞ்சம் கர்வமாக்கூட இருந்துச்சு, பரவால்லடா, நீயும் ஒருநாள் மனுஷனா நடந்துக்கிட்டேன்னு.

கொஞ்சம் நிக்கறீங்களா? மூச்சு வாங்குது உங்களுக்கு. எனக்கும்தான். ரெண்டு மாடி ஆச்சு.

அந்தத் தாள்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கும், பாத்திருப்பீங்க. எடுத்த நடவடிக்கை. புகார் எழுதறவனும் நான், அதைத் தீத்து வெக்கறவனும் நான். அஞ்சு வருஷமா ஒரே வேலை. கம்ப்யூட்டர்ல மேல மொத வரியில சரி செய்யப்பட்டதுன்னு டைப் அடிப்பேன், அந்தக் கட்டத்தோட மூலையை மவுஸால பிடிச்சுக் கீழ வரைக்கும் இழுத்து விட்டுருவேன். எல்லா வரியிலயும் அதுவே வந்து உக்காந்துக்கும். அன்னைக்கும் இழுத்தேன் மேடம். கை பாட்டுக்கு இழுத்துருச்சு. பதினேழையும் சேத்து.

இல்ல, வேணும்னு இல்ல! என் தலையில அடிச்சுச் சொல்றேன். யாரும் என்னை அப்படிப் பண்ணச் சொல்லல. பழக்கம். பாழாப்போன பழக்கம்.

எப்பத் தெரிஞ்சுதா? அதைத்தான் கேக்கக்கூடாதுன்னு வேண்டிட்டு இருந்தேன். ஒரு வாரம் கழிச்சு உங்க ஆபீஸ் பதில் வந்துச்சு. இருபத்தி மூணு புகாரும் தீர்க்கப்பட்டது, நூத்துக்கு நூறு, வாழ்த்துக்கள்னு. படிச்சதும் ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். தாளைத் திறந்து பாத்தா, பதினேழு நேரா, சரி செய்யப்பட்டது. உடனே தப்பா வந்துருச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். ஒரே ஒரு வரி. உக்காந்து டைப்கூடப் பண்ணினேன். அப்பறம் நெனச்சேன், இது ஒண்ணு பொய்யின்னா மத்ததையும் நோண்டுவாங்களே. அஞ்சு வருஷப் பொய்யும் வெளிய வருமே. கேடயம், பச்சை மார்க்கு, என் வேலை, ரெண்டாயிரம் பேரு வேலை. அழிச்சுட்டேன். அடுத்த தாள்ல புதுசா இன்னொரு தரம் எழுதிக்கலாம், ரெண்டரை மாசம்தானேன்னு விட்டுட்டேன்.

அதுக்குப் பன்னண்டாம் நாள் அந்தப் பொண்ணோட கை போச்சு. வலது கை, நாலு விரலு. டேப்பை அன்னைக்குச் சாயங்காலமே உரிச்சுட்டாங்க.

இப்ப உங்களுக்குப் புரியுது. எங்க மேனேஜரு அந்தத் தாளைத்தான் கேடயமாப் பிடிச்சிருக்காரு. புகார் வந்துச்சு, நாங்க சரி பண்ணிட்டோம், தாளே சொல்லுது, அப்பறமும் கை போச்சுன்னா அது அந்தப் பொண்ணோட கவனக்குறைவுன்னு. உங்களைக் கூட்டிட்டுப் போக என்னை அனுப்பினதே அதனாலதான். நீ போனா வாயைத் திறக்கமாட்டேன்னு என் முகத்துக்கு நேரா சொல்லிச் சிரிக்கறாரு.

திறக்கறேன் மேடம். கீழ இறங்கி வந்ததும் வண்டியில உக்காந்து எல்லாத்தையும் எழுதித் தரேன். பேனா, சீட்டு, டேப்பு, அரைநிமிஷம், மேனேஜரு, நான். எத்தனை பக்கம் வேணாலும். என்னை வேலையை விட்டுத் தூக்கட்டும், போலீஸ்ல குடுக்கட்டும், நான் வரேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு எழுதி என் கையெழுத்தைப் போடறேன். இது என் வார்த்தை. பதிலுக்கு நான் கேக்கறது மேல அந்த ரூம்ல நீங்க இருக்கப் போற அரை மணி நேரம்தான்.

ஏன்னா அது ஒரே ஒரு கேள்வி வெச்சிருக்கு உங்ககிட்டக் கேக்க. மூணு வாரமா அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருக்கு. நான் எழுதிப் போட்டேன், இவரு அனுப்பினாரு, உங்க மேஜைக்கு வந்துச்சு, நீங்க ஏன் பாக்கலை? அவ்வளவுதான். பக்கத்து வீட்டுல இருந்து வந்து கேக்கறவங்ககிட்டயெல்லாம் அதையேதான் சொல்றா. இவரு ஒருத்தர்தான் எனக்காக எழுதினாரு, தூரத்துல இருக்கறவங்கதான் கண்டுக்கலைன்னு. எங்கயாவது யாராவது என்னைப் பத்திப் பேசினா, அவரைச் சொல்லாதீங்கன்னு சண்டைக்கே போயிடறா. வலியில கத்தறப்பகூட ஒருநாள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பேன்.

அவ அப்படிக் கேட்டதும் நீங்க சும்மா இருக்கமாட்டீங்க. யாரா இருந்தாலும் இருக்கமாட்டாங்க. நாங்க பாத்தோமே, சரி செஞ்சாச்சுன்னு வந்துச்சே, இதோ பாருன்னு ஃபைலைத் திறப்பீங்க. அவளுக்கு நல்லாப் படிக்கத் தெரியும் மேடம். அதான் பயமா இருக்கு.

பொய் சொல்லச் சொல்றியான்னு கேக்காதீங்க. ஆமா, பொய்தான். வந்துச்சும்மா, நாங்கதான் கவனிக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்க கம்பெனி பெருசு. உலகம் பூராக் கடை இருக்கு. இந்தக் கெட்ட பேரை அது தாங்கிக்கும். இன்னும் ஒரு புத்தகம் போட்டாச் சரியாப் போயிரும். என்னால தாங்க முடியாது.

என்னைக்காவது தெரியத்தான் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் எழுதித் தர்றதை எவனாவது அவகிட்டக் கொண்டுபோய்க் காட்டுவான். காட்டட்டும். இன்னைக்கு வேண்டாம். தையல் பிரிச்சு நாலு நாள்தான் ஆகுது. இன்னைக்கு மட்டும் வேண்டாம், உங்க கால்ல வேணாலும் விழறேன்.

நீங்க கேக்கறது நியாயம்தான். ஒரு தொழிலாளி உன்னைப் பத்தி என்ன நெனச்சா உனக்கென்னய்யா, எதுக்கு இப்படிக் கெஞ்சறேன்னு. நான் உங்க இடத்துல இருந்தாலும் கேட்டிருப்பேன்.

இதான் மேடம் கதவு. ஐயோ, பெல் அடிக்காதீங்க. எந்திரிச்சு வந்து கதவைத் திறக்கறது அவளுக்குச் சிரமம், இடது கை இன்னும் பழகல. இருங்க, சாவி என்கிட்டதான் இருக்கு.

ஆமா. ஒம்பது வருஷம் ஆச்சு கல்யாணமாகி. காலைல நீங்க வர்றீங்கன்னு தலை பின்னிவிடச் சொன்னா. நான்தான் பின்னிவிட்டேன். கோணலாத்தான் இருக்கும், கண்டுக்காதீங்க.